எண்ணெய் ஊரின் நினைவுகளைக் கேட்கப் போகிறவர்கள் ஒரு வரைபடத்தையும் கொண்டுபோகட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கொழும்பின் பழைய பகுதிகளில் வாழ்ந்த மூத்தவர்களின் நினைவுகளைத் தேடிப் பிரசுரிப்பது தமிழ்ப் பத்திரிகைகளில் இப்போது நல்ல வழக்கமாகிவிட்டது. பெரிய எண்ணெய்க் களஞ்சியம் இருக்கும் கொலன்னாவைக்கும் ஒருநாள் உங்கள் நிருபர் போவார். போனால் 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி எரிந்த எண்ணெய்க் குதங்களை, அதாவது பெரிய எண்ணெய்த் தாங்கிகளை, பற்றிக் கேட்பார். 2007 ஏப்ரல் 29ஆம் திகதி அதிகாலையில் நடந்த வான் தாக்குதலைப் பற்றியும் கேட்பார். கேட்கட்டும். ஆனால் அந்த இரண்டு நாட்களைப் பற்றியும் அப்போதே பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. எழுதப்படாமல் கிடப்பது அந்த ஊரின் அன்றாட வேலை. குதத்தின் உச்சியில் ஏறி எப்படி அளந்தார்கள், அடிக் கசடை வாரி எங்கே கொட்டினார்கள், குழாய் எந்த வளவுக்குக் கீழே போகிறது, எந்தக் கிணறு எப்போது கெட்டது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. அவர்கள் சொல்லக்கூடியதில் பாதி, இன்று அந்த மண்ணில் குடியிருப்பவர்களின் உடம்போடு சம்பந்தப்பட்டது. அதனால்தான் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலன்னாவையில் எண்ணெய் ஊறுவதில்லை. வந்து தங்கிப் போகிறது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்குவது நிலத்தடிக் குழாய்களில் ஓடிவந்து, களனி கங்கைக்குத் தெற்கே கிடக்கும் அந்தத் தாழ்நிலத்தில் குதங்களில் சேர்கிறது. அங்கிருந்து ரயிலிலும், தாங்கி லொறியான பவுசரிலும் நாடு முழுவதும் போகிறது. ஆரம்பத்தில் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ என்று கம்பனிகள் நடத்தின. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிகளின் சொத்துகளைச் சுவீகரித்து நட்டஈடு கொடுக்காததற்காக 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும், 1964 ஜனவரியிலிருந்து இறக்குமதியும் விநியோகமும் முழுவதுமாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்ததும் சரித்திரம். 1969 ஓகஸ்டில் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 38,000 பீப்பாய் என்ற அளவில் தொடங்கியது. பிறகு அது 50,000 ஆனது. ஒரு பீப்பாய் 159 லீற்றர். அதற்குப் பிறகு ஒருகொடவத்தையில் கச்சா எண்ணெய்க் குதங்கள், சப்புகஸ்கந்தையிலிருந்து கொலன்னாவைக்குக் குழாய்கள் என்று வேலை விரிந்தது. கை மாறும்போது பேரேடுகள் மாறும். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதைப் பழைய ஆட்களிடம்தான் கேட்கவேண்டும்.

முதலில் அளவைக் கேளுங்கள். குதத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் அந்த ஊரின் கணக்கு முழுவதும் தங்கியிருந்தது. இன்று கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் கருவி சொல்வதைச் சரிபார்க்க உருக்கு நாடாதான் இறங்குகிறது. நாடாவின் நுனியில் பித்தளைக் குண்டு. பித்தளை இரும்பில் உரசினாலும் பொறி பறக்காது. எண்ணெய் ஏற்றி முடித்து அரை மணி நேரமாவது குதத்தை ஓயவிடவேண்டும். குழாயில் விரைந்து வரும் எண்ணெய் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு வரும். அது அடங்குமுன் உலோகத்தை உள்ளே விட்டால், வாயு நிறைந்த இடத்திலேயே பொறி பிறக்கும். நைலோன் கயிறு கூடாது, நைலோன் சட்டையும் கூடாது. இடி கேட்டால் ஏணியில் கால் வைக்கக்கூடாது.

எண்ணெய் நனைக்கும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் நாடாவில் சுண்ணக்கட்டி தேய்ப்பார்கள். பிற்காலத்தில் அதற்கென்றே பசை வந்தது. குண்டு அடித்தட்டைத் தொட்டதும் நிறுத்தி, நேரே மேலே இழுத்து, நனைந்த கோட்டைப் படிக்கவேண்டும். பிழை வருவது இந்த இடத்தில்தான். அடியில் கசடு படிந்திருந்தால் குண்டு அதன்மேல் நின்றுவிடும். இருப்பு குறைத்துக் காட்டும். கை தளர்ந்து நாடா தொய்ந்தால் குண்டு சரிந்து படுத்துவிடும். இருப்பு கூட்டிக் காட்டும். இரண்டையும் பிடிக்க வழி இருந்தது. அளவுத் துவாரத்தின் விளிம்பிலிருந்து அடித்தட்டுவரை எவ்வளவு என்று ஒவ்வொரு குதத்திலும் எழுதி வைத்திருப்பார்கள். குண்டு தொடும் நேரத்தில் விளிம்பில் நாடா காட்டும் எண் அதோடு ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாத அளவை எழுதாமல் மறுபடி இறக்குவதே நல்ல வேலைக்காரருக்கு அடையாளம்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. 80 அடி விட்டமுள்ள குதத்தில் ஓர் அங்குல உயரம் ஏறத்தாழ 2,600 கலன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பிசகினால் 326 கலன், அதாவது 1,480 லீற்றர் அளவில், இல்லாத எண்ணெய் இருப்பதாகவோ இருக்கிற எண்ணெய் இல்லாததாகவோ புத்தகத்தில் ஏறிவிடும். நாடாவில் படித்த உயரத்தைக் கலனாக மாற்ற ஒவ்வொரு குதத்துக்கும் தனி அட்டவணை உண்டு. குதத்தின் வெளிச்சுற்றை ஒவ்வொரு தகட்டு வரிசையிலும் உருக்கு நாடாவால் சுற்றி அளந்து, தகட்டின் தடிப்பைக் கழித்து, அந்த அட்டவணையைப் போட்டார்கள். குதம் நிறைய நிறைய வயிறு சற்றுப் பிதுங்கும்; அதற்கும் திருத்தம் உண்டு. இந்த அட்டவணைகளின் பழைய பிரதி யாருடைய வீட்டுப் பெட்டகத்திலாவது கிடந்தால் அது பொன்னுக்குச் சமம். எந்த இலக்கக் குதம் எந்த இடத்தில், எந்த அளவில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

உலை எண்ணெய்க்கு இந்த முறை சரிவராது. நாடா முழுக்கக் கறுப்பாகிவிடும், கோடு தெரியாது. அதற்கு மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம்வரை உள்ள வெற்றிடத்தை அளந்து கழிப்பார்கள். உலை எண்ணெய் 800, 1500, 3500 செக்கன் என்று விற்பனையாவது பலருக்குத் தெரியும். அந்தச் செக்கன் என்ன என்பது பலருக்குத் தெரியாது. நிர்ணயித்த சூட்டில் ஒரு சிறு துவாரத்தின் வழியே குறித்த அளவு எண்ணெய் ஒழுகி முடிய எடுக்கும் நேரம் அது. எண் கூடக் கூட எண்ணெய் தடிப்பு. தடித்த எண்ணெயை நீராவிக் குழாயால் சூடாக்காமல் பம்ப் பண்ண முடியாது.

அடுத்தது சூடு. இதைப் பத்திரிகையில் விளக்கி எழுதினால் பல குடும்பங்களின் பழைய மனத்தாங்கல் தீரும் என்று நினைக்கிறேன். பவுசரின் ஓர் அறை 6,600 லீற்றர். பெற்றோல் ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஆயிரத்துக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். கொலன்னாவையில் நடுப்பகல் வெயிலில் ஏற்றிய பெற்றோல் அப்புத்தளையில் நிலத்தடித் தாங்கிக்குள் போய் 12 பாகை குளிர்ந்தால், ஓர் அறைக்கு 95 லீற்றர் குறைந்து நிற்கும். டீசலிலும் 65 லீற்றர் வரையில் குறையும். யாரும் ஒரு துளியும் எடுக்கவில்லை. ஆனால் மலையகத்துப் பெற்றோல் செட்காரர் சாரதியைத்தான் சந்தேகப்படுவார். சாரதி ஏற்றிவிட்டவரைச் சொல்வார். அளவைக் கம்பியோடு சூட்டுமானியும் அடர்த்திமானியும் வைத்திருந்து, ஏற்றிய இடத்திலும் இறக்கிய இடத்திலும் எழுதியிருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது. பிரித்தானியர் காலத்தில் எல்லா அளவையும் 60 பாகை பரன்ஹைட்டுக்கு மாற்றி எழுதினார்கள். பிறகு 15 பாகை செல்சியஸ். பழைய ஆட்கள் சொல்லும் எண் எந்தக் கணக்கு என்று கேட்டு எழுதுங்கள். பவுசர் சரிவில் நின்றபடி அளந்தாலும் கம்பி பொய் சொல்லும். அது களவாகவும் இருக்கலாம், கவலையீனமாகவும் இருக்கலாம்.

பிறகு தண்ணீர். எண்ணெய்க் குதத்தின் அடியில் எப்போதும் தண்ணீர் இருக்கும். கப்பலோடு வருவது, குழாயைக் கழுவிய மிச்சம், மழை, இரவில் காற்று குளிர்ந்து வியர்ப்பது என்று பல வழியில் சேரும். நாடாக் குண்டில் தண்ணீர்ப் பசையைத் தடவி அடியில் சற்று நேரம் வைத்தால், தண்ணீர் பட்ட இடம்வரை பசை சிவக்கும். அந்த உயரத்தைக் கழித்தால்தான் எண்ணெய்க் கணக்கு. தண்ணீரைக் கீழ் வால்வைத் திறந்து வடிப்பார்கள். வடிப்பவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். விட்டுப் போனால் தண்ணீருக்குப் பின்னால் எண்ணெயும் வரும். வந்த எண்ணெய் எங்கே போனது? குதத்தைச் சுற்றிய அணைக்குள், அதிலிருந்து கானுக்குள், கானிலிருந்து சதுப்புக்குள். அணையின் வடிகால் வால்வைப் பூட்டி வைத்திருந்தார்களா, திறந்தே கிடந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அணை கட்டுவதன் நோக்கமே, உள்ளே இருக்கும் மிகப் பெரிய குதம் உடைந்தாலும் முழுவதையும் தாங்குவது. வால்வு திறந்திருந்தால் அணை இருந்தும் இல்லாததுதான்.

கசடைப் பற்றித்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்து விற்றது இலங்கையில் 2002ஆம் ஆண்டில்தான் நின்றது. அதற்கு முந்திய பல பத்து வருடங்களில் பெற்றோல் குதங்களின் அடியில் சேர்ந்த துருவும் சேறும் அந்த ஈயத்தையும் சேர்த்துக்கொண்டு படிந்தன. சில வருடங்களுக்கு ஒருமுறை குதத்தைக் காலியாக்கி, கீழ் வாசலைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி வாரினார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே காற்று சுத்தமாக இருந்தாலும் முழங்கால் உயரத்தில் தேங்கி நிற்கும். கசடைக் கிளறக் கிளறப் புதிதாகவும் எழும்பும். காலையில் ஒருமுறை வாயு அளந்துவிட்டு நாள் முழுக்க வேலை வாங்குவது பிழையாவது இதனால்தான். கச்சா எண்ணெய்க் குதத்தில் வேறொரு எமன்: அழுகிய முட்டை மணக்கும் வாயு. மணம் தெரிகிறவரை தப்ப இடமுண்டு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. "மணம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்லும்.

ஈயச் சேர்மம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். தூக்கமின்மை, கெட்ட கனவு, கை நடுக்கம், பிதற்றல் என்று தொடங்கும். அப்படி ஒருவருக்கு வந்தபோது குடிவெறி என்றோ பேய் என்றோ சொல்லிவிட்டார்களா என்று வீட்டாரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்க்கவேண்டும். கசடை என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. எண்ணெய்த் தொழிலில் எங்கும் இருந்த வழக்கம், அதை நிலத்தில் மெல்லிய படையாகப் பரப்பி, வாரக்கணக்கில் வெயிலில் உலரவிட்டு, அந்த வளவிலேயே புதைப்பது. வெயில் ஈயச் சேர்மத்தைச் சிதைக்கும், ஈயத்தை அழிக்காது. அது மண்ணிலேயே கிடக்கும். கொலன்னாவைத் தாழ்நிலங்களில் கங்குனும் வல்லாரையும் பயிராகின்றன. பிள்ளைகள் மண்ணில் விளையாடுகிறார்கள். கசடு புதைத்த இடம் வேலிக்கு உள்ளேயா, இப்போது வேலிக்கு வெளியே போய்விட்டதா என்று சொல்லக்கூடியவர் மண்வெட்டி பிடித்தவர்தான். வரைபடத்தைக் கொண்டுபோகச் சொல்வது முக்கியமாக இதற்காக.

குழாய்ப் பாதையும் அப்படித்தான். துறைமுகத்திலிருந்து வரும் குழாய்கள் புளூமெண்டால், ஒருகொடவத்தைப் பக்கமாக வரும் வழியில் இன்று வீடுகள் அடர்ந்துவிட்டன. இரும்புக் குழாய் சதுப்பு மண்ணில் வெளிப்பக்கமாகத் துருப்பிடிக்கும். உள்ளே தேங்கிய கடல் நீரால் அடிப்பக்கமும் அரிக்கும். ஊசித்துளை விழுந்தால் மேலே ஒன்றும் தெரியாது. ஒரே குழாயில் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்று மாறி மாறி அனுப்பும்போது, சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்து வரும். அந்தக் கலப்பு எண்ணெயை, மாதிரி எடுக்கும் குழாயில் அடர்த்தி பார்த்துப் பிடித்து, தனிக் குதத்துக்குத் திருப்பவேண்டும். திருப்பப் பிந்தினால் வந்து சேரும் வினையைக் கீழே சொல்கிறேன்.

கிணறு கெட்டதா என்று அறிய அந்தப் பக்கத்து மக்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சதுப்பு நிலத்துக் கிணற்றில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு கட்டவேண்டாம். இரும்புச் சத்து உள்ள தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களும் அப்படி ஒரு படலத்தை உண்டாக்கும். ஈர்க்கு ஒன்றால் நடுவில் கீறிப் பாருங்கள். உடைந்த கண்ணாடிபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம். கீறிய இடம் மறுபடி கூடிச் சேர்ந்து, நிறம் சுழன்று ஓடினால் எண்ணெய். பிறகு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் மேல்மட்டத் தண்ணீரை மட்டும் மொண்டு, மூடி, நிழலில் ஒரு மணி நேரம் வைத்து, திறந்தவுடன் மணந்து பாருங்கள். எண்ணெய் என்றால் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. காய்ச்சினால் ஆவி சமையலறைக்குள் நிறையும், தண்ணீர் சுத்தமாகாது. இறைத்துக் கானில் ஊற்றவும் கூடாது. கிணற்றடியில் விளக்கோ சிகரெட்டோ வேண்டாம். மேல்மட்டம் தெளிந்துவிட்டது என்று சில மாதங்களில் பாவிக்கத் தொடங்குவதும் ஆபத்து. வறட்சிக்கும் மழைக்கும் நிலத்தடி நீர் இறங்கி ஏறும்போது, மண்ணில் ஒட்டிய எண்ணெய் மறுபடி கிணற்றுக்கு வரலாம். ஆகவே "கிணறு கெட்டது எப்போது" என்று மட்டும் கேட்காமல், எந்த மாதத்தில் மணந்தது, எந்த மாதத்தில் மணக்கவில்லை என்றும் கேளுங்கள்.

களனி பெருகும்போது நடப்பது தனி அத்தியாயம். ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் அடிக்கணக்கு ஏறுகிறது என்றால் மற்ற ஊர்களில் சாமான்களை மேசைக்கு ஏற்றுவார்கள். எண்ணெய்க் களஞ்சியத்தில் முதலில் பார்ப்பது எந்தக் குதம் காலியாக இருக்கிறது என்பதை. 80 அடி விட்டமுள்ள குதத்தைச் சுற்றி ஓர் அடி தண்ணீர் நின்றால், அதைக் கீழிருந்து தூக்கும் விசை 140 தொன். இரண்டு மூன்று அடி நின்றால் காலிக் குதத்தின் சொந்தப் பாரம் ஈடுகொடுக்காது. அசையும், அடிக்குழாய் இணைப்பு முறியும். அதனால் எண்ணெயோ தண்ணீரோ ஏற்றிப் பாரமாக்கி வைப்பார்கள். பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கியும் இப்படி மேலே எழும்பிவிடக்கூடியது. வெள்ளம் வடிந்த பின் சுவரில் நிற்கும் கறுப்புக் கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று ஒவ்வொரு பழைய வீட்டிலும் விரலால் காட்டுவார்கள். அளந்து எழுதுங்கள்.

ரயில் தாங்கிகளைப் பற்றி நிறையச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள், ஆகவே சுருக்கமாக விடுகிறேன். பேராதனை, கொட்டகலை, அப்புத்தளை, அனுராதபுரம், மட்டக்களப்பு என்று களஞ்சியங்களுக்கு ரயிலில் எண்ணெய் போனதும், கட்டுநாயக்காவுக்கு விமான எண்ணெய் போவதும் தெரிந்த விஷயம். கேட்கவேண்டியது இது: பெற்றோல் கொண்டுபோய் வந்த பெட்டியில் மண்ணெண்ணெய் ஏற்றுமுன், அடியில் நின்றதை முழுக்க வடித்தார்களா? மேலே குழாயில் எண்ணெய் கலப்பதைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒரே இடத்தில்தான் போய் முடியும், சமையலறையில்.

மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற 38 பாகையளவு சூடு வேண்டும். பெற்றோலுக்கு உறைபனியைவிடப் பல பாகை குளிரிலும் போதும். மண்ணெண்ணெயில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பெற்றோல் கலந்தாலே போதும், கொழும்புச் சூட்டில் விளக்கின் வயிற்றுக்குள் எரியக்கூடிய ஆவி நிறைந்துவிடும். குப்பி விளக்கும், மண்ணெண்ணெய் அடுப்பான குக்கரும் "வெடித்தன" என்று நம் ஊர்களில் சொல்லப்பட்ட மரணங்களில் எத்தனை இப்படி வந்தவை என்று இனி அறிய வழியில்லை. பெண்ணின் கவனக்குறைவு என்று எழுதி மூடிய கோப்புகளை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பழைய ஆட்கள் ஒரு சோதனை செய்வார்கள்: ஒரு துளியைக் காகிதத்தில் விட்டால் மண்ணெண்ணெய் நெடுநேரம் கறையாக நிற்கும், பெற்றோல் உடனே பறந்துவிடும். நிறையக் கலந்திருந்தால்தான் இது காட்டும். ஒன்றிரண்டு பங்கை இந்தச் சோதனை காட்டாது. வழக்கத்தைவிடச் சுவாலை உயர்ந்து படபடத்தாலோ, மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தாலோ அந்த எண்ணெயைப் பாவிக்கவேண்டாம்.

இது பழங்கதை அல்ல. 2022இல் எரிவாயு கிடைக்காமல் கொழும்பு வீடுகளில் மண்ணெண்ணெய்க் குக்கர் மறுபடி வந்தது. மண்ணெண்ணெயும் வரிசையில்தான் கிடைத்தது. அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. குக்கரைக் கையாளத் தெரிந்த அம்மம்மாமார் பலர் அப்போது வீட்டில் இல்லை. புதுத் திரியை எண்ணெய் ஏறும்வரை அரை மணி நேரம் ஊறவிடாமல் கொளுத்தினால் திரிதான் கருகும். எல்லாத் திரியும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஒன்று உயர்ந்தாலும் மஞ்சள் சுவாலையும் பானையடியில் கரியும் வரும். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் சுவாலை சடசடத்து நீலமும் மஞ்சளுமாகத் துடிக்கும். எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றக்கூடாது. பம்ப் குக்கர் என்றால் தாங்கியின் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் எரித்துத் தலையைச் சூடாக்கவேண்டும். சூடு போதாமல் பம்ப் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் பீறிட்டு, ஆள் உயரத்துக்குச் சுவாலை எழும்பும். அப்படி எழும்பினால் ஊதவேண்டாம். காற்றுத் திருகைத் திறந்து அமுக்கத்தை விடவேண்டும். பம்ப் காற்றுப் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்திருக்கும். இரண்டு துளி தேங்காயெண்ணெய் போதும்.

எண்ணெய் வந்த சதுரத் தகர டின்னைப் பற்றியும் கேட்கவேண்டும். நான்கு கலன், ஏறத்தாழ 18 லீற்றர், கொண்ட அந்த டின் அந்தக் காலத்து ஏழை வீட்டின் பாதித் தளபாடம். வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. விரித்துத் தட்டினால் கூரைக்கும் வேலிக்கும் தகரம். நெல் அவிக்க, உடுப்பு அவிக்க, அரிசி வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரேயொரு காரியத்தில் அது ஆளைக் கொன்றது: காலி டின்னையோ 44 கலன் பரலையோ கழுவாமல் ஈயம் பற்றவைக்கவும் வெட்டவும் போனபோது. நிறைந்த பரலைவிடக் காலிப் பரல் ஆபத்து. உள்ளே எண்ணெய் இல்லை, ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் இருக்கும். கராஜ்களில் இன்றும் இது நடக்கிறது. விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, வெட்டும் இடத்தை மட்டும் வெளியே வைத்து வேலை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து எழுதினால் நாலு உயிர் தப்பும்.

திருகோணமலையில் சீனன்குடாக் குதங்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆட்கள் நிறைய. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்த குதம், மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பது, குத்தகை ஒப்பந்தங்கள் என்று செய்தி ஓயாது. கொலன்னாவைக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் சீனன்குடாவில் குதங்கள் காட்டுக்குள் நிற்கின்றன. கொலன்னாவையில் ஆயிரக்கணக்கான சனம் குதங்களுக்கும் குழாய்களுக்கும் பக்கத்திலேயே சமைத்து உண்டு உறங்குகிறது.

நிருபருக்குச் சில வார்த்தைகள். நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, ஒருகொடவத்தைப் பகுதியைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துப் போங்கள். மூத்தவர் முன்னால் விரித்துவைத்து, முதலில் அவருடைய பழைய வீட்டையும், அவர் வேலைக்குப் போன வாசலையும், ரயில் பாதையையும் காட்டச் சொல்லுங்கள். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் மற்றவை தானாக வரும். கசடு கொட்டிய இடம், பழைய குழாய், மூடிய கிணறு, வெள்ளக் கோடு ஆகிய நான்கையும் நான்கு நிறத்தில் குறியுங்கள். அடி, அங்குலம், கலன் என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். அந்த இடத்திலேயே லீற்றராக்கப் போய்ப் பிழைவிட வேண்டாம். ஒருவர் காட்டிய இடத்தை அவருக்குத் தெரியாத இன்னொருவரும் காட்டினால் மட்டும் உறுதி என்று கொள்ளுங்கள். சிங்களம் பேசும் பழைய ஊழியர்களையும் விடக்கூடாது. வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே குதத்தில்தான் ஏறினார்கள். அதேபோல் ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கிணறு மணந்ததை முதலில் அறிந்தவர்கள் தண்ணீர் அள்ளிய பெண்கள்.

குறித்த வரைபடத்தின் ஒரு பிரதி கொலன்னாவை நகர சபைக்கும், இன்னொன்று மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் போகவேண்டும். மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, குறித்த இடத்தில் மேல்மண்ணை ஆறு அங்குல ஆழம்வரை ஐந்தாறு புள்ளிகளில் எடுத்துக் கலந்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால் போதும். எங்கே தோண்டவேண்டும் என்று தெரிந்தால் அது பெரிய செலவில்லாத வேலை.

இப்படிக்கு,
எண்ணெய்க் களஞ்சிய வேலை தெரிந்த வாசகர்,
கொழும்பு.